பன்னிரண்டு அடிக்காத தீவு

கடலுக்கு நடுவே ஒரு தீவு. அந்தத் தீவில் ஒரு நாள் பகல், பதினொன்றே முக்காலோடு நின்றுபோனது. நின்ற அன்று அங்கே இருந்த ஆயிரக்கணக்கான பேரில் சங்கரன்கோவில் உலகம்மாளும் ஒருத்தி. எதனால் நின்றது என்பது முதலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளை அங்கே கூட்டிப்போனது மகள் கோமுவும் மருமகன் ஆவுடையப்பனும். ஹூஸ்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருக்க வந்தவள் காலையில் ஒரு விளக்கு, மாலையில் ஒரு விளக்கு, நடுவில் ஜன்னல் வழியே ஆளில்லாத தெரு என்று இருந்ததைப் பார்த்து, “அத்தையைக் கப்பல்ல கூட்டிட்டுப் போவோம்” என்று ஆவுடைதான் ஆரம்பித்தான். கப்பல் என்றால் மூவாயிரம் பேர் உண்டு உறங்கும் ஒரு தெப்பம். அது மெக்சிகோ பக்கத்துத் தீவு ஒன்றில் காலையில் நிற்கும், இரண்டு மணிக்குக் கிளம்பும். இறங்குகிறவர்களுக்கு அரை நாள் சுற்றுலா உண்டு. கடற்கரை, உள்ளூர்ப் பண்டங்கள் ருசி பார்ப்பது, மாயன் சனங்களின் பழைய கோயில் என்று மூன்றும் சேர்த்து எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை. தீவின் பெயரை ஆவுடை நாலு தடவை சொல்லிக்கொடுத்தும் உலகம்மாள் வாயில் அது நிற்கவில்லை.

கிளம்புமுன் வீட்டு அடுப்படியில் ஒரு சத்தியம் நடந்தது. கோமுவுக்கு முப்பத்தொன்பது வயது; பிள்ளைக்காகப் பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி, ஊசி, காத்திருப்பு, மறுபடி ஊசி; சித்திரை மாதம் கடைசித் தடவையும் கைகூடாமல் போனபின் போதும் என்று அவளும் ஆவுடையும் முடிவெடுத்தார்கள். நாலு வருடத்துக்கு முன்னால், இப்படி ஒரு தடவை கைநழுவிப் போனபோது, உலகம்மாள் மகளுக்குச் சொல்லாமல் மகளுக்குப் பேர் கொடுத்த கோமதியம்மன் சன்னதியில் நேர்ந்துகொண்டு, முட்டுவலியோடு அங்கப்பிரதட்சிணம் செய்து, பக்கத்து வீட்டுக்காரி அதைப் படமெடுத்து அனுப்பிவிட, கோமு ஏழு மாதம் தாயோடு பேசவில்லை. ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உலகம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒரு பிள்ளை மாதிரி மடியில் கிடந்தது, அழவே இல்லை.

“இனிமே எனக்காக எந்தச் சாமிகிட்டயும் எதையும் கேக்காதம்மா,” என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கோமு சொன்னாள். “நீ கேக்கக் கேக்க, நான் மறுபடியும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கு. என் தலையில கை வச்சுச் சொல்லு.”

உலகம்மாள் கை வைத்துச் சொன்னாள். சொன்னபோது மெய்யாகத்தான் சொன்னாள்.

தீவில் இறங்கியதும் முதலில் கடற்கரை. ரவையை வறுக்காமல் கொட்டிவைத்த மாதிரி மணல், நீலச்சொட்டு கலந்த வேட்டித்தண்ணீர் மாதிரி கடல். கோமு முழங்கால் வரை இறங்கி நின்று, “திங்கக்கிழமை புது வேலைம்மா, டென்வர்ல. மலை ஊரு. வீடு கூடப் பாத்தாச்சு. ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல்னு பாக்காம எடுத்த முதல் வீடு அதுதான்,” என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்துப் பல் தெரியச் சிரித்த சிரிப்பு. பெற்றவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியதுதானே, அவள் காதில் ஒரு கதவு சாத்திய சத்தம்தான் விழுந்தது. கால் தரிக்கவில்லை. அலை வரும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்தது ருசி. எல்வியா என்ற அம்மாள் வீட்டு முற்றத்தில், குடைந்த மரத்துண்டுகளுக்குள் கொட்டாத தேனீ வளர்த்தாள். அவளுக்கும் உலகம்மாள் வயதுதான் இருக்கும். பூவேலை போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. புளித்தும் இனித்தும் இருந்த தேனை நாக்கில் வைத்ததும், “இது நம்ம கொசுத்தேன்லா,” என்றாள் உலகம்மாள். மிளகாய் போட்டுக் கரைத்த கசப்புச் சாக்லேட், கல்லில் சுட்ட சோள அடை, பூசணி விதைத் துவையல் என்று ஒவ்வொன்றாக வந்தது. “அத்தே, துவையல்ல காரம் பத்தலைன்னு சொல்லிராதீங்க, நான் சொன்னதுக்கு அந்தம்மா உள்ள போய் ஒரு மிளகா எடுத்துட்டு வந்துச்சு, எனக்கு ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு,” என்றான் ஆவுடை.

பிறகு கோயில். காட்டுக்குள் சுண்ணாம்புக்கல் மேடைகள், கூரை போன சுவர்கள், வெயிலில் ஓணான் போல, அதைவிடப் பெரிதாய், கிடக்கும் பிராணிகள். வழிகாட்டி பெர்மின், மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகப் பேசும் மனிதன், இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஆவுடை தமிழில் சொல்லிவந்தான். “இது ஒரு பொம்பளைச் சாமி இருந்த இடமாம் அத்தே. அந்தக் காலத்துல பொம்பளைங்க எல்லாம் தூரத்துல இருந்து படகு தள்ளிக்கிட்டு, கடலைத் தாண்டி, இங்க வந்து...” என்று சொல்லிக்கொண்டு போனவன் சட்டென்று நிறுத்திவிட்டு, “வெயில் ரொம்ப இருக்கு, தண்ணி குடிங்க,” என்றான். கோமு ஓணானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெர்மினின் கைகள் நிற்கவில்லையே. அந்தக் கைகள் வயிற்றைத் தொட்டன, பிறகு ஒன்றன்மேல் ஒன்று மடங்கி ஆடின. அதற்கு எந்த ஊர் பாஷையும் வேண்டாம்.

எல்லோரும் படமெடுக்கப் போன நேரத்தில் உலகம்மாள் சன்னதிக்குப் பின்னால் நின்ற மரத்தடிக்குப் போனாள். செம்புநிறத் தோல் உரிந்து நிற்கும் மரம். அவள் மனசு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கைகள் முந்தானையில் ஒரு சாண் கிழித்தன. கூழாங்கல் ஒன்றை அதில் கிடத்தி, தாழ்ந்த கிளையில் தொட்டில் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, ஒரு விரலால் ஆட்டிவிட்டாள். ஊரில் புற்றடி மரத்தில் எத்தனையோ பேருக்குக் கட்டிக்கொடுத்த கை அது. அப்போது மணி பதினொன்றே முக்கால்.

அதற்குப் பிறகும் மணி பதினொன்றே முக்கால்தான்.

பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் பஸ் கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினான், போனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு வண்டியை எடுத்தான். ஊருக்குள் சின்ன மாதாகோயிலில் மணி அடிக்கிற மனிதர் பன்னிரண்டுக்கு அடிக்கக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நின்று நின்று கால் கடுக்க, மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், பிறகு சோள அடையைப் பிய்த்து ஊட்டினாள், பிறகு அவர் தூங்க வேண்டி வந்தபோது தெருக்காரர்கள் முறைவைத்துக் கயிற்றைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வந்து கயிற்றில் ஆள் இல்லாமல் போய்விடக்கூடாதே என்ற ஒரு கவலைதான். நடுப்பகல் செபம் சொல்லக் கூடிய பெண்கள் மணி அடிக்காமல் ஆரம்பிக்க முடியாமல், முற்றத்திலேயே பயறு உரித்தார்கள், சட்டைக்குப் பூப்போட்டார்கள், மூன்று குடும்பத்துப் பழைய சண்டையைத் தீர்த்தும் வைத்தார்கள். ‘மத்தியானம் பார்ப்போம்’ என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் மத்தியானம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிவரை கணக்கு வகுப்பு. வாத்தியார் அந்த வருடக் கணக்கை முடித்து, அடுத்த வருடக் கணக்கையும் முடித்து, தனக்கே தெரியாத கணக்குக்கு வந்து நின்றார். சாப்பாட்டுக் கடையில் மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்குத்தான் என்று பலகை இருந்ததால் காலைப் பலகாரமே திரும்பத் திரும்ப வந்தது. கோழிகள் மட்டும் எதையும் பார்க்காமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. நேரம்தான் நின்றதே தவிர பசி நிற்கவில்லை, தூக்கம் நிற்கவில்லை, ஆண்களுக்குத் தாடி வளர்வதும் நிற்கவில்லை. தூக்கம் வந்தவர்கள் தொப்பியை முகத்தில் கவிழ்த்து நட்டநடு வெயிலில் தூங்கி, விழித்து, அதே வெயிலில் பல் தேய்த்தார்கள்.

கப்பல் கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார்: கப்பல் இரண்டு மணிக்குச் சரியாகக் கிளம்பும், தாமதம் ஏதுமில்லை. அது முழுக்க உண்மை என்பதால் யாராலும் புகார் எழுத முடியவில்லை.

பெர்மின் ஒரு மணிவரை சுற்றிக்காட்ட ஒப்புக்கொண்டவன். ஒரு மணி வராதவரை அவன் வேலை முடியவில்லை. அதனால் பஸ் மறுபடி கடற்கரைக்குப் போனது, மறுபடி எல்வியா முற்றத்துக்குப் போனது, மறுபடி காட்டுக் கோயிலுக்குப் போனது. அது முடிந்ததும் இன்னொரு சுற்று. முதலில் சிலர் சத்தம் போட்டார்கள். இரண்டு சுற்றில் சத்தம் அடங்கி, தாங்களாகவே சோள அடை தட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் ஒருவர் காலிலும் அமைதி இல்லை. நின்றவர் கால் மாற்றி மாற்றி நின்றார், உட்கார்ந்தவர் முழங்காலை ஆட்டினார், நாய்கள் படுக்க இடம் தேடி வட்டம் சுற்றிச் சுற்றிப் படுக்காமலே எழுந்து போயின. தீவு முழுக்க ஏதோ ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

உலகம்மாளுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அவள் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். இலை அசையாத வெயிலில் தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில் கிளை அவள் தோளுக்குத் தாழ்ந்திருந்தது, ஐந்தாம் சுற்றில் இடுப்புக்கு.

“அம்மா, முந்தி என்ன இப்படிக் கிழிஞ்சிருக்கு?” என்று கோமு கேட்டாள்.

“முள்ளு மாட்டிட்டு பிள்ளே.”

“அத்தே, இது எத்தனாவது டிபன்னு எனக்கே மறந்துட்டு,” என்றான் ஆவுடை, சோள அடையைச் சுருட்டியபடி. “ஒம்பதுன்னு நினைக்கேன். எல்வியாம்மா என்னைக் கண்டாலே கதவைச் சாத்தப் பாக்காவ.”

கோமு சிரிக்கவில்லை. பஸ் ஜன்னலோரம் சாய்ந்து, “திங்கக்கிழமை வருமா ஆவுடை?” என்று கேட்டாள், பதிலை எதிர்பார்க்காதவள் போல. அந்த முகத்தை உலகம்மாள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி நாற்காலிகளில், கூப்பிடப்போகும் பெயருக்காகப் பதினோரு வருடம் காத்திருந்த முகம். கடற்கரையில் காலையில் பார்த்த முகத்தை யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டு இதை மறுபடி வெளியே எடுத்து மாட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவளேதான்.

“ஏட்டி கோமு.”

“என்னம்மா.”

“நான் ஒண்ணு செஞ்சிட்டேன்.”

கோமு முந்தானையைப் பார்த்தாள். “முள்ளு கிழிக்கலையா?”

“இல்ல.”

“எங்க?”

“அந்தச் சாமிக்குப் பின்னால, மரத்துல. தொட்டி கட்டிட்டேன்.”

ஆவுடை வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினான். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது.

“என் தலையில கை வச்சுல்லா சொன்னே,” என்றாள் கோமு. குரல் உயரவில்லை. எழுந்து பின்னால் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டாள்.

உலகமெல்லாம் நின்றுபோனதைவிட அந்தப் பை வைத்த சத்தம் உலகம்மாளுக்குப் பெரிதாக இருந்தது. எல்வியா வீட்டு முற்றம் வந்ததும் இறங்கி, நேரே அந்த அம்மாளிடம் போய், கிழிந்த முந்தானையைக் காட்டி, கைகளைத் தொட்டில் போல் ஆட்டி, காட்டுப் பக்கம் விரல் நீட்டினாள். எல்வியா ஒரு நொடி பார்த்தாள். பிறகு இடுப்புச் சாவி குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படபடவென்று ஏதோ சொன்னாள். பெர்மின் அதை இங்கிலீஷில் சொல்ல, ஆவுடை தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

“இங்க வந்த பொம்பளைங்க கேட்டுட்டுத் திரும்பிப் படகேறிப் போயிருவாங்களாம் அத்தே. யாரும் கட்டிப் போட்டுட்டுப் போகலையாம். உங்க ஊர்ல சாமியைக் கயித்துல கட்டித்தான் வச்சிருப்பீங்களான்னு கேக்காவ.”

“கட்டாட்டி அவளுக்கு ஞாபகம் இருக்காதுன்னு சொல்லுங்க மாப்பிள. எத்தனை பேரு கேக்காவ.”

எல்வியா அதற்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, விரல் நகத்தால் காற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

நேர்ந்து கட்டியதை நிறைவேறுமுன் அவிழ்க்கக்கூடாது. உலகம்மாள் பிறந்த நாள் முதல் கேட்ட சொல் அது. அவிழ்த்தால் குற்றம், குற்றம் கேட்டவளுக்கு வராது, யாருக்காகக் கேட்டாளோ அவளுக்கு வரும். அந்தப் பயத்தோடு பஸ்ஸில் ஏறினாள், பயத்தோடு இறங்கினாள், பயத்தோடு மரத்தடிக்குப் போனாள். தன் தலையோடு போகட்டும் என்று நூறு தடவை சொன்னாள். சொல்லி என்ன, அப்படிப் போகும் என்று யார் எழுதிக்கொடுத்தார்கள்.

தொட்டில் இப்போது முழங்கால் உயரத்தில் ஆடியது. அவள் தரையில் உட்கார்ந்தாள். முதல் முடிச்சு விரலுக்கு வந்தது. இரண்டாம் முடிச்சுக்குப் பல்லை வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது இறுகிப்போய்க் கல்லாக இருந்தது.

“தாயே,” என்றாள், கட்டாந்தரையையும் கூரையில்லாச் சுவரையும் பார்த்து. “உன் பேரு எனக்கு வாயில வரல. பிள்ளைக்காகக் கேக்கேன்னு உன்கிட்டச் சொன்னேன். அது பொய்யி. அவ கேக்கலை. அவ வேண்டாம்னுட்டா. எனக்கு வேணும்னுதான் கேட்டேன். எனக்கு மடி வெறும் மடியா இருக்குன்னு கேட்டேன். குத்தம்னா என் பேர்ல எழுதிக்கோ.”

மூன்றாம் முடிச்சு அவிழ்ந்தது. கல் அவள் மடியில் இறங்கியபோது மூன்று மாதப் பிள்ளையின் கனம் இருந்தது, வெதுவெதுப்பும் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே கை அதைத் தூக்கித் தோளில் சாய்த்து, முதுகு தட்டப் போனது. தட்டவில்லை. எடுத்து வைக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. கோமு எப்போது வந்து நின்றாளோ தெரியாது. துணியோடு கல்லை வாங்கிக்கொண்டாள், கழுத்துக்கு அணைகொடுத்து வாங்குகிற மாதிரியே வாங்கினாள். ஒரு நிமிடம் நெஞ்சோடு வைத்திருந்தாள். அவள் முகம் கோணியது, பிறகு நேரானது. குனிந்து, மரத்தின் வேரடியில், வெயில் படாத பக்கம் பார்த்துக் கிடத்தினாள். கிளை விசுக்கென்று மேலே போனது. அவள் கையில் துணி மட்டும் இருந்தது. வேரடியில் கிடந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கூழாங்கல்.

நின்றுபோன கால்மணி நேரம் ஒரே தாவாகத் தாவியது; வெகுதூரத்தில் மணி அடித்தது.

அது ஒரே தடவையில் முடியவில்லை. கயிற்றில் நின்றவர் யாரோ, பன்னிரண்டோடு நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். செபம் சொல்ல இருந்த பெண்கள் ஒரே மூச்சில் ஆரம்பித்திருப்பார்கள், பள்ளிக்கூடம் வாயைத் திறந்து பிள்ளைகளைக் கொட்டியிருக்கும். காட்டில் நாய் ஒன்று வட்டம் சுற்றி, படுத்தே விட்டது. பெர்மின் தன் போனைப் பார்த்தான், தொப்பியைச் சரிசெய்தான், “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, கேள்வி இருந்தால் கேட்கலாம்,” என்றான். ஒருவருக்கும் கேள்வி இல்லை. தீவுக்காரர்கள் பிற்பாடு அந்தப் பகலைப் பற்றிப் பேசும்போது அதிசயம் என்று பேசவில்லை என்றும், அந்தப் பகலில் பிடித்த தேனுக்குப் புளிப்பு அதிகம், விலையும் அதிகம் என்று எல்வியா தனியாக எடுத்து வைத்து விற்றாள் என்றும் சொல்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கோமு கடைசி சீட்டில்தான் உட்கார்ந்தாள், பை பக்கத்தில்தான் இருந்தது. உலகம்மாள் நாலு வரிசை முன்னால், தனியாக. ஏழு மாதமா, ஏழு வருடமா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. பழக்கத்தில் உதடு அசைந்துகொண்டிருந்தது. ரோடு வளைந்து கடலை ஒட்டித் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இப்ப என்ன கேக்கே?”

உலகம்மாள் திரும்பினாள். “ஒண்ணும் கேக்கல பிள்ளே. சும்மா பேரைச் சொல்லிட்டு இருக்கேன்.”

“எங்க சொல்லு.”

“கோமதி, கோமதின்னுதான்.”

“என்னையா, அவளையா?”

உலகம்மாள் யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்பதற்காக நன்றாக யோசித்தாள். “எனக்கே தெரியலட்டி,” என்றாள்.

ஆவுடை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உச்சியைத் தாண்டிய வெயில் ஒரு இழை சாய்ந்து, ஜன்னல் வழியே இறங்கி, உலகம்மாளின் மடியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கோமு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

“உன் பக்கம் வெயில் வந்துட்டு,” என்றாள். “எந்திரிச்சு இங்க வா.”